கீச்சுக் குரலும் மூன்று டிக்கும்

“ஏலே ஹுமாயூன்! எம் புருசன்கிட்ட நான் பொண்டாட்டியா பேசுனேனா, குருவியா பேசுனேனா? வெளிய வந்து சொல்லுலே!”

காலை பத்தரை மணிக்கு மெகராஜ் பேகம் ரேடியோக் கடை வாசலில் நின்று இப்படிக் கேட்டதும், ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு சைக்கிள்கள் தாமாகவே நின்றன. அடுத்தவர் வீட்டுக் கதை கேட்க ஊரில் யாருக்கும் அவசரம் இருப்பதில்லை.

கீழே ‘ஹுமாயூன் ரேடியோ சர்வீஸ்’. மாடியில் ‘பரிபூரணம் துப்பறியும் நிலையம்’. கீழே முதலாளி, மாடியில் உதவியாளர் என்று ஹுமாயூன் ஒருவனே இரண்டு உத்தியோகம் பார்த்தான். மாடியில் கேஸ் வந்துவிட்டால் கீழே பூட்டு தொங்கும். மூன்று நாளாகத் தொங்கியது.

“அக்கா, நான் பழுது பாத்த செட்டு குயில் மாதிரி பாடும். குருவி எப்பிடி வந்துச்சுன்னு தெரியல” என்றான் மாடிப்படியில் நின்றபடி.

“சவூதியில இருக்கவுகளுக்குக் கேசட்டுல பேசிக்கிட்டிருந்தேன். நல்லாத்தான் பேசுனேன். கடைசியில போட்டுக் கேட்டா, கீச்சு கீச்சுன்னு கத்துது. பொறவு சரியாவுது. மறுபடியும் கீச்சு. முப்பது ரூவா வாங்குனியே, எதுக்குலே?”

மாடியில் பரிபூரணம் கையில் இருந்த காகிதத்தைக் கீழே வைத்தாள். நாற்பத்திரண்டு வயது. பதிமூன்று வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதோடு வேலை பார்த்துவிட்டு, பிறகு அதே காதை நம்பித் துப்பறியும் தொழிலுக்கு வந்தவள். ஜன்னலில் தலையை நீட்டினாள்.

“மெகராஜ், இது என்னைக்கு நடந்துச்சு?”

“போன புதன்கிழமை மேடம். பேசிக்கிட்டே இருந்தேன், கரண்டு போச்சு. அதோட முடிஞ்சுது.”

பரிபூரணம் திரும்பி, எதிர் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள். “சோலைச்சாமி அண்ணே, மூணு நாளா நாம தேடுறது தெருவுல நின்னு சண்டை போடுது.”

சோலைச்சாமி துணைமின் நிலைய ஆபரேட்டர். அன்று நாலு மணிக்கு அவர் மேல் விசாரணை. புதன்கிழமை பகல் பதினொன்று இருபதுக்கு ஆனிக் காற்றில் ஒரு பனை ஓலை பறந்து, செட்டியார்பட்டிப் பக்கம் முதல் லைனில் விழுந்தது. அது பழுதானது இயற்கை. ஊருக்குக் கரண்டு வருவது இரண்டு லைனில்; ஒன்று போனாலும் மற்றது தாங்கும். ஆனால் இரண்டாவது லைன் நல்ல லைன். அதுவும் போய், ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இரண்டே முக்கால் மணி நேரம் கரண்டு இல்லாமல் கிடந்தன. ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவம் டார்ச் வெளிச்சத்தில் நடந்தது. தாயும் சேயும் நலம். சோலைச்சாமிதான் நலமில்லை. பதற்றத்தில் நல்ல லைனையும் அவரே கையால் நிறுத்திவிட்டார் என்று எழுதியிருந்தார்கள். நான்கு மாதத்தில் இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் அவர் ஷிப்ட்.

“நான் தொடல மேடம். ரெண்டாவது லைன் தானாத்தான் வெட்டிக்கிட்டு விழுந்துச்சு. தானா விழுந்தா ரிலேயில ஒரு சின்னக் கொடி காட்டும். கொடி விழுந்துச்சு. அவசரத்துல எழுதி வைக்காம தூக்கி விட்டுட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு.”

“ரிலேன்னா?” என்று மாடிக்கு வந்துவிட்ட மெகராஜ் பேகம் கேட்டாள். சண்டை பாதியில் நின்றதில் அவளுக்கு வருத்தம்.

“லைன்ல பழுதுன்னா கண்டுபிடிச்சு, ‘வெட்டு’ன்னு உத்தரவு போடுற பெட்டிம்மா. கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள வெட்டிறணும். செத்த தாமதிச்சாலும், கரண்டு தயாரிக்கிற எடத்துல மெஷினு பாரம் கழண்ட வண்டி மாதிரி ஓட ஆரம்பிச்சிரும். பொறவு வெட்டுனாலும் நிதானத்துக்கு வராது. முன்னயும் பின்னயும் ஆடும். அந்த ஆட்டத்தைப் பாத்து ரெண்டாவது லைன் ரிலே, தன் லைன்லயும் பழுதுன்னு நெனச்சு வெட்டிரும்.”

“பக்கத்து வீட்டுக்காரன் தும்முனதுக்கு இவரு கம்பளி போத்திப் படுத்துக்கிடுவாரு” என்றான் ஹுமாயூன்.

“அப்போ அப்படித்தானே நடந்திருக்கும்?” என்றாள் பரிபூரணம்.

“இல்லன்னு சொல்லுதாங்க. முதல் லைன் ரிலே சரியா இருக்கு, ஒடனே வெட்டியிருக்கும், அதனால ஆட்டமே வந்திருக்காதுன்னு பொன்னுராஜ் சார் எழுதிக் குடுத்திருக்காரு. ரிலே எல்லாம் அவரு பொறுப்பு. தங்கமான மனுசன் மேடம். அவரு வந்த பொறவுதான் மாசத்துக்கு இருபது தடவை விழுந்த லைனு மூணு தடவையா கொறஞ்சுது. மேல இருந்து கேடயம் குடுத்திருக்காக. அவரு தப்பா எழுத மாட்டாரு. ஆனா நானும் தொடல.”

பரிபூரணம் எழுந்து செருப்பை மாட்டினாள். “ஆட்டம் வந்திருந்தா வீட்டு கரண்டும் ஏறி இறங்கியிருக்கும். டேப் ரிக்கார்டர் மோட்டார் மெதுவா ஓடியிருக்கும். மெதுவா ஓடிப் பதிஞ்ச குரலைச் சரியான வேகத்துல போட்டா எப்பிடிக் கேக்கும், ஹுமாயூன்?”

ஹுமாயூன் நெஞ்சை நிமிர்த்தினான். “குருவி மாதிரி கேக்கும். அக்கா, அப்போ என் ரிப்பேர் சுத்தம்!”

“மெகராஜ், அந்தக் கேசட் எங்கே?”

“பீர் முகமது அண்ணன் கொண்டு போறாக. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பன்னெண்டு மணி மதுரை பஸ். அங்கருந்து பம்பாய், பொறவு சவூதி.”

மணி பத்தேமுக்கால். மெகராஜ் பேகம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். கொடுக்கும்போது சீட்டை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“கடைசி மட்டுந்தான் கேக்கணும். முன்னால நான் பேசுனது எனக்கும் அவுகளுக்கும். என்னை வெச்சுக்கிட்டுத்தான் மத்தவுகளுக்குப் போடணும்.”

“என் காது மேல சத்தியம்” என்றாள் பரிபூரணம்.

*

ஹுமாயூனின் ஸ்கூட்டர் எதிர்காற்றில் போனது. போனது என்பது மரியாதைக்குச் சொல்வது.

“மேடம், செத்த குனிஞ்சு உக்காருங்க. உங்க சேலை பாய்மரம் மாதிரி நம்மளை ராஜபாளையத்துக்கே திருப்பிக் கொண்டு போயிரும்.”

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்துக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று நாற்பத்தைந்து. பீர் முகமதுவின் பெட்டி பஸ் கூரை மேல் ஏறி, அதன் மேல் இரண்டு வாழைத்தார் ஏறி, அதன் மேல் கயிறும் ஏறிவிட்டது. சீட்டைப் படித்துப் பார்த்த பீர் முகமது, ஐம்பது வயதுக்காரர், கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

“கேசட்டு பெட்டிக்குள்ள இருக்கு. அதுவும் ஒண்ணு ரெண்டு இல்ல. பதினோரு வீட்டுக் கேசட்டு.”

கண்டக்டர் பெட்டியை இறக்க முடியாது என்றார். ஹுமாயூன் ஏணியில் கால் வைத்தான். “இறக்க வேண்டாம் அண்ணாச்சி. வாழைத்தார்க்காரரு வாழைத்தாரைப் பாத்துக்கிடட்டும், நான் பெட்டியைப் பாத்துக்கிடுதேன்.”

கூரை மேலேயே பெட்டி திறந்தது. ஹுமாயூன் பதினொன்றையும் துண்டில் முடிந்து இறக்கினான். பதினொன்றும் ஒரே கம்பெனி. ஒன்றின் மேலும் பேரில்லை.

“பேர் எழுதலையா?” என்றாள் பரிபூரணம்.

“எழுதுனா விமான நிலையத்துல ‘யாரு இவுக, எதுக்கு’ன்னு ஆயிரம் கேள்வி. அங்க போயி எல்லாத்தையும் கூப்பிட்டு வெச்சுப் போடுவேன். குரலைக் கேட்டதும் அவனவன் பாஞ்சு எடுத்துக்கிடுவான்.”

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். பஸ் உறுமியது. ஹுமாயூன் கையோடு கொண்டுவந்த பேட்டரி டேப் ரிக்கார்டரைத் தட்டி, முதல் கேசட்டை எடுத்தான். பரிபூரணம் அவன் கையைப் பிடித்தாள்.

“பத்து வீட்டு ரகசியம் நமக்கு எதுக்கு?”

பதினொன்றையும் டீக்கடை பெஞ்சில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் சின்ன ஜன்னலையும் குனிந்து பார்த்தாள். பத்தில் நாடா முழுவதும் ஒரே பக்கம் சுற்றியிருந்தது. ஒன்றில் மட்டும் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.

“இதுதான்.”

“எப்பிடி மேடம்?”

“பேசி முடிச்சவங்க, புருசன் போட்டதும் கேக்கட்டும்னு ஆரம்பத்துக்குச் சுத்தி வெச்சு அனுப்புவாங்க. மெகராஜ் கடைசியைக் கேட்டா, குருவி கத்துச்சு, கோவத்துல உருவி எடுத்தா. கோவத்துல இருக்கிற பொம்பளை கேசட்டைச் சுத்தி வைப்பாளா?”

“சுத்தி வைக்க மாட்டாக. சுத்தி வளைச்சுத் திட்டத்தான் செய்வாக.”

பத்தும் பெட்டிக்குப் போயின. பீர் முகமது படியில் நின்று கேட்டார்: “மெகராஜ் புருசன்கிட்ட நான் என்ன சொல்ல?”

“பத்து நாள்ல தபால்ல வரும்னு சொல்லுங்க.”

“அதுவரைக்கும் பொண்டாட்டி திட்டு பாக்கின்னு சொல்லுங்க” என்றான் ஹுமாயூன். பஸ் நகர்ந்தது.

டீக்கடையில் பேனாவைக் கேசட் ஓட்டையில் விட்டு நாலு சுற்று பின்னால் சுற்றிப் போட்டார்கள். மெகராஜின் குரல் வந்தது. தெருவில் கேட்ட குரல் இல்லை அது. மெதுவாக, யாருக்கும் கேட்காமல் பேசுகிற குரல்.

“...வீட்டுல பேச ஆளில்ல. நீங்க இல்லாம இந்தக் கடிகாரச் சத்தந்தான் பெருசா கேக்குது. பகல்லயும் கேக்குது...”

சட்டென்று குரல் கீச்சென்று உயர்ந்து வேகமாக ஓடியது. பிறகு இறங்கியது. மறுபடி கீச்சு. மறுபடி இறக்கம். மறுபடி. கடைசியில் ஊசி மாதிரி ஒரு கீச்சு, அதோடு ஒன்றுமில்லை.

ஹுமாயூன் சிரிக்க வாயைத் திறந்து, சிரிக்காமல் மூடிக்கொண்டான்.

“மேடம், ஆட்டம் வந்திருக்கு. சோலைச்சாமி அண்ணன் தப்பிச்சாரு.”

“இன்னும் இல்ல. ‘செட்டு கோளாறு’ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. இன்னொரு தடவை போடு. குரலை விட்டுட்டு, பின்னாடி கேளு.”

போட்டான். டிக், டிக் என்று சுவர்க் கடிகாரம். கரண்டு இல்லாமல், சாவி கொடுத்தால் ஓடும் கடிகாரம். குரல் கீச்சாக ஓடும்போது அதன் டிக்கும் நெருக்கியடித்து ஓடியது. ஆனால் எண்ண முடிந்தது. பரிபூரணத்தின் விரல் பெஞ்சில் தட்டியது. முதல் கீச்சில் மட்டும் மூன்று தட்டு.

“நாடா ஏமாறும் ஹுமாயூன், கடிகாரம் ஏமாறாது. நேரா மெகராஜ் வீட்டுக்குப் போ. கடிகாரத்தைக் கழட்டு.”

“காலையில ரிப்பேர் சரியில்லன்னு திட்டு. மத்தியானம் கடிகாரத் திருடன். நல்ல உத்தியோகம் மேடம்.”

*

நாலு மணிக்குத் துணைமின் நிலைய ஆபீஸ் அறையில் விசாரணை தொடங்கியது. மேசைக்குப் பின்னால் வெளியூரிலிருந்து வந்த செயற்பொறியாளர். பக்கத்தில் கண்ணாடியும் ஒட்ட வெட்டிய தலையுமாகப் பொன்னுராஜ். எதிரே சோலைச்சாமி நின்றார். முக்காட்டை இழுத்துவிட்டு மெகராஜ் பேகம் உட்கார்ந்தாள். ஹுமாயூன் சுவர்க் கடிகாரத்தை ஆணியில் மாட்டிப் பெண்டுலத்தைத் தட்டிவிட்டான்.

“என்னம்மா இது, கண்காட்சியா?” என்றார் செயற்பொறியாளர்.

“சாட்சி சார். கொஞ்சம் பழைய சாட்சி. நிமிஷத்துக்கு எத்தனை டிக்குன்னு உங்க வாட்ச்சை வெச்சு எண்ணுங்க.”

எண்ணினார். நூற்றிருபது.

“ஒரு டிக் அரை செகண்டு. இப்போ கேசட்டைக் கேளுங்க. பொன்னுராஜ் சார், இதுல எனக்குப் புரியாதது நிறைய. நீங்கதான் விளக்கணும்.”

கேசட் ஓடியது. கடிகாரச் சத்தம் பெருசா கேக்குது என்ற இடத்தில் வாசலில் நின்ற இரண்டு லைன்மேன்கள் சிரித்தார்கள்.

“சிரிக்கிறவுக வெளிய போயி சிரிங்க” என்றாள் மெகராஜ் பேகம், முக்காட்டுக்குள்ளிருந்து. சிரிப்பு நின்றது.

பொன்னுராஜ் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். “இன்னொரு தடவை போடுங்க” என்றார். போட்டார்கள். “இன்னொரு தடவை.” இந்தத் தடவை பென்சிலை எடுத்து, காகிதத்தில் ஒரு கோடு இழுத்தார். கோடு இறங்கியது, ஏறியது, இறங்கியது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். அறையில் வேறு யாரும் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது போலிருந்தது.

“அற்புதம் சார்! இதைப் பதிவு பண்ற மெஷினுக்கு மூணு வருஷமா எழுதிக் கேக்குறோம், வரல. இந்தம்மா வீட்டுல பதிவாகியிருக்கு. பாருங்க, முதல் கீச்சு, பழுது வந்த நேரம். வோல்டேஜ் அடியோட இறங்குது. மூணு டிக். அப்புறம் முதல் லைனை வெட்டியாச்சு, குரல் சரியாகுது. ஆனா நிலைக்கல. ஏறி இறங்கி, ஏறி இறங்கி... இதுதான் ஆட்டம். ஒவ்வொரு தடவையும் பெருசாகுது. கடைசியில ரெண்டாவது லைன் விழுந்து எல்லாம் போச்சு.” பென்சிலைக் கீழே வைத்தார். “ஆபரேட்டர் கையால நிறுத்தியிருந்தா இந்த ஆட்டமே இருந்திருக்காது சார். சோலைச்சாமி தொடல. ரெண்டாவது லைன் தானாத்தான் விழுந்திருக்கு.”

சோலைச்சாமி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

செயற்பொறியாளர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். “மூணு டிக்னா ஒண்ணரை செகண்டு. முதல் லைன் ஒரு செகண்டுல அஞ்சுல ஒரு பங்குக்குள்ள வெட்டியிருக்கணுமே?”

பொன்னுராஜின் கை காகிதத்தின் மேல் அப்படியே நின்றது.

“ரிலே ஏதும் கெட்டுப்போச்சா சார்?” என்று கேட்டார் சோலைச்சாமி. பரிவோடுதான் கேட்டார். ஓடித் தப்பிக்க ஒரு கதவைத் திறந்துவிட்டது போலத்தான் அது இருந்தது. ஆமாம் என்று பொன்னுராஜ் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விசாரணை அதோடு முடிந்திருக்கும். பரிபூரணம் அவரையே பார்த்தாள். அவர் எந்த வழியில் போவார் என்பது அவளுக்கே தெரியவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“கெடல சோலைச்சாமி. நான் சொல்லி வெச்சபடிதான் வேலை செஞ்சிருக்கு.”

“என்ன சொல்றீங்க?” என்றார் செயற்பொறியாளர்.

“பிப்ரவரியில ரிலே வெட்டுற நேரத்தைக் கூட்டி வெச்சேன் சார். அணில் ஏறினா விழுது, பட்டம் மாட்டினா விழுது. ஒவ்வொண்ணுக்கும் எனக்கு மெமோ. சின்னப் பழுது எல்லாம் ஒரு செகண்டுல தானா விலகிரும், அதுவரைக்கும் வெட்டாம பொறுத்துப் பாக்கட்டும்னு வெச்சேன். எண்ணிக்கை குறைஞ்சது. பெரிய பழுது வந்தா என்ன ஆகும்னு...” நிறுத்தினார். “புதன்கிழமையிலிருந்து அந்தக் கேள்வி உள்ளுக்குள்ள இருந்தது. நான் கேட்டுக்கிடல. ரிலே சரியா இருக்குன்னு எழுதிட்டேன்.”

“கணக்குல காய்ச்சலைக் குறைக்க, தெர்மாமீட்டரைப் பானைத் தண்ணியில போட்ட கதை” என்று ஹுமாயூன் முணுமுணுத்தான். பரிபூரணம் அவன் காலை மிதித்தாள்.

செயற்பொறியாளர் பென்சில் கோட்டின் மேல் விரலை ஓட்டினார். “மாசா மாசம் எண்ணிக்கையைக் குறைன்னு கேட்டதும் நான். குறைஞ்சதும் கேடயம் குடுத்ததும் நான். எப்படிக் குறைஞ்சதுன்னு ஒரு தடவை கேட்டிருக்கணும்.” சோலைச்சாமியின் குற்றச்சாட்டுத் தாளை எடுத்துக் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்து வைத்தார். “பொன்னுராஜ், உங்க மேல நான் எழுதித்தான் ஆகணும். ஆனா அதுக்கு முன்னால வாங்க, ரிலேயை இப்பவே மாத்துங்க. ஆட்டம் வந்தா ரெண்டாவது ரிலே ஏமாறாம பிடிச்சு வைக்கிற கருவிக்கும் நான் எழுதுறேன்.”

எல்லோரும் ரிலே அறைக்குப் போனார்கள். பொன்னுராஜ் முத்திரையை வெட்டி, கண்ணாடி மூடியைத் திறந்தார். உள்ளே திருகாணி சரியாகத் தெரியவில்லை. சோலைச்சாமி பக்கத்தில் போய் டார்ச்சைப் பிடித்தார்.

“எனக்கா பிடிக்கிறீங்க?” என்றார் பொன்னுராஜ் திரும்பாமல்.

“வேற யாரு சார் அங்க இருக்கா? நல்லாப் பாத்து வைங்க. நாளைக்கும் என் ஷிப்ட்டுதான்.”

*

ஒன்பது நாள் கழித்து மத்தியானம் காற்று பஞ்சு மார்க்கெட் தெருவைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தது. மாடியில் பரிபூரணம் சாப்பிட உட்கார்ந்தாள். மின்விசிறி ஒரு முனகல் முனகியது. பல்பு ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது. அவ்வளவுதான். விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. ஹுமாயூன் பாதிச் சோற்றோடு நிமிர்ந்து பல்பையே பார்த்தான். பத்து எண்ணினான். அணையவில்லை.

டெலிபோன் அடித்தது. பரிபூரணம் எடுத்தாள். மறுமுனையில் சோலைச்சாமி மூச்சு வாங்கக் கத்தினார்.

“மேடம்! முதல் லைன் விழுந்துருச்சு மேடம்! அதே செட்டியார்பட்டிப் பக்கம் மரக்கிளை முறிஞ்சு விழுந்து, ரிலே பட்டுன்னு வெட்டிருச்சு!”

“என்ன அண்ணே, லைன் போனதுக்கா இம்புட்டு சந்தோசம்?”

“ஒண்ணுதான் மேடம் போச்சு!” என்றார் சோலைச்சாமி. “இன்னொண்ணு நிக்கிது. அசையாம நிக்கிது.”